மோவாய் மச்சமும் மூன்று எண்ணெய்களும்

என் முகத்தில் அப்பளம் பொரிக்கலாம் என்று முதலில் சொன்னவர் என் அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எழுபதுகள் முடியப்போகிற சமயம். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் குடியிருந்தோம். பொன்மலையில் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை. அத்திம்பேர் அப்பளம் என்று சொன்னது மிகை. ஆனால் மத்தியானம் ஆபீஸில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்தால், எழுந்திருக்கும்போது பேப்பரின் மறுபக்கத்தையும் அதே பக்கத்திலிருந்து படிக்கலாம் என்பது உண்மை. அன்றைய தலைப்புச் செய்தி என் கன்னத்தில் தலைகீழாக அச்சாகியிருக்கும்.

எண்ணெய் வழிவது ஒரு பக்கம். அதற்கு மேல் பருக்கள். உப்பிலியபுரம் ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சைமலை எப்படிச் சிறிதும் பெரிதுமாகத் தெரியுமோ, கண்ணாடியில் எனக்கு என் நெற்றி அப்படித் தெரிந்தது. சங்கப் புலவர்கள் பசலையைப் பற்றி அத்தனை பாடியிருக்கிறார்களே, பருவைப் பற்றி ஒருவராவது பாடினாரா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். பசலை பிரிவினால் வருவது, தலைவன் திரும்பி வந்தால் போய்விடும். பருவுக்கு அப்படி ஒரு நாணயம் கிடையாது.

அம்மா, உடம்புச் சூடு என்றாள். அத்திம்பேர், "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. கல்யாணம் ஆனால் பரு போகும், சரி. பரு போனால்தானே கல்யாணம் ஆகும்? தில்லை நகரில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தோம். பதில் சொல்ல வந்தவர், "ஜாதகம் ரொம்ப நன்னா சேர்ந்திருக்கு, பையனுக்கு முகத்துலதான் ஏதோ உஷ்ணமாமே" என்று அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். தாழ்த்திய குரல் கொல்லைப்புறம்வரை கேட்டது. நான் கொல்லைப்புறத்தில்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் லால்குடி ஜாதகம். கூடவே பெண்ணின் போட்டோவும் வந்தது. அந்தக் காலத்துப் பெண் போட்டோக்களில் ஒரு பூச்சாடி இருக்கும், அதைவிடக் கொஞ்சம் அதிகமாக பயந்த முகத்தோடு பெண் இருப்பாள். இந்தப் பெண் பயப்படவில்லை. போட்டோ எடுத்தவர் ஏதோ அபத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும், வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தாள். அந்த அடக்கிய சிரிப்பை நான் பல தடவை எடுத்துப் பார்த்தேன். போட்டோவை அலமாரியில் வைத்த இடத்துக்கும் எனக்கும் இடையே ஒரு பாதையே விழுந்துவிட்டது. அம்மா கவனித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமலிருந்ததே விஷயம் முற்றிவிட்டது என்பதற்கு அடையாளம்.

பதிலுக்கு என் போட்டோவை அனுப்ப வேண்டும். பெரிய கடைவீதியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். விளக்கு வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்த ஸ்டூடியோக்காரர், "லைட்ட கொஞ்சம் குறைச்சுக்கறேன் தம்பி, உங்க முகத்துல பட்டு எனக்கே கண்ணு கூசுது" என்றார். நான் பருவைப் பற்றிக் கவலைப்பட்டதும் தைரியம் சொன்னார். "அதெல்லாம் நெகடிவ்ல பென்சில் போட்டு டச்சப் பண்ணிருவோங்க. மேடு பள்ளம் எல்லாம் சமமாயிரும்."

சமமாக்கித்தான் கொடுத்தார். பிரிண்டைப் பார்த்தால் எனக்கு பதிலாக ஒரு பீங்கான் கோப்பை சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆனால் மோவாயில், இடதுபக்கம், அழகாக ஒரு கறுப்பு மச்சம்.

"இது என்னதுங்க?"

"அது ஒண்ணு மட்டும் பெருசுங்க தம்பி, பென்சிலுக்கு அடங்கலை. அதான் பிரஷ்ல கறுப்பு தொட்டு மச்சமாக்கிட்டேன். லட்சணமா இல்ல?"

லட்சணமாகத்தான் இருந்தது. அதுதான் வினையாகிவிட்டது. ஜாதகம் கொண்டுவந்த உறவுக்கார மாமா லால்குடியிலிருந்து பூரித்துப்போய்த் திரும்பி வந்தார். "பெண்ணோட அம்மாவுக்குப் பையனைப் பார்த்ததும் கண்ணுல ஜலம் வந்துடுத்து! அந்த மாமியோட அப்பாவுக்கு, போயிட்டாரே, அவருக்கு அதே இடத்துல, அதே மோவாயில மச்சமாம். பெருமாளா பார்த்துக் காமிச்சுக் கொடுத்த வரன்கறா. தை பொறந்ததும் பெண் பார்க்க வரச் சொல்லியிருக்கா."

அவர் காபி குடித்துவிட்டுப் போனதும் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் என் மோவாயைப் பற்றி யோசித்தோம்.

"உள்ளதைச் சொல்லிடலாமே" என்றார் அப்பா.

"என்னன்னு சொல்றது? என் பிள்ளைக்கு மச்சம் இல்லைன்னா? போனவரோட மச்சத்தைப் பார்த்து அழுதிருக்கா. அவகிட்டப் போய் அது பருன்னு சொல்லுவேளா?" என்றாள் அம்மா. "நாள் இருக்கு. மத்ததெல்லாம் போகட்டும். அது ஒண்ணு இருக்கட்டும்."

இப்படியாக, மனித வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு பருவைப் பாதுகாக்கும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. முகத்தில் மீதி அனைத்தையும் ஒழிக்க வேண்டும். மோவாயில் இடதுபக்கம் இருப்பது மட்டும் குறையாமல் இருக்க வேண்டும். பெண் பார்க்கிற அன்று அது போட்டோவில் இருக்கிற மாதிரியே இருந்தால், உருண்டையாக இருப்பதற்கு மச்சம் என்று பெயர் சொல்லிவிடலாம் என்பது அம்மாவின் கணக்கு.

முதலில் அம்மாவின் நல்லெண்ணெய். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எங்கள் வீட்டில் சட்டம். அன்று மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் தலையிலிருந்து முகத்துக்கு எப்படியும் இறங்கிவரும். இப்போது அது போதாதென்று தினமும் முகத்துக்கென்று தனியாக. "சூடு இறங்கினா பரு இறங்கும்" என்றாள் அம்மா. சூடு இறங்கியதா தெரியாது. பருக்கள் நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறங்கின.

பிறகு அத்திம்பேர் வந்தார். உப்பிலியபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அந்தப் பக்கத்து ஆமணக்கை ஆட்டிய விளக்கெண்ணெய் ஒரு பாட்டில் நிறையக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்து கவிழ்த்தால் எண்ணெய் யோசித்து யோசித்துத்தான் விழும், அப்படிக் கெட்டி. அதைப் பூசிக்கொண்டு தூங்கினேன். காலையில் தலையணை உறை என்னோடு எழுந்து வந்தது.

ஆனி மாதம் ஜேஷ்டாபிஷேகம் ஆனதும் எங்களூர்ப் பெருமாளுக்குத் தைலக்காப்பு சாத்துவார்கள். அப்புறம் கொஞ்ச நாளைக்குத் திருமுகம் மட்டும்தான் சேவையாகும், திருமேனியைத் திரையிட்டு மறைத்திருப்பார்கள். எனக்கும் தைலக்காப்பு நடந்துகொண்டிருந்தது. ஆனால் எனக்குத் திரை போட்டு மறைக்க வேண்டிய இடமே முகமாக இருந்தது.

மூன்றாவது எண்ணெய் ஆபீஸிலிருந்து வந்தது. என் பக்கத்து மேஜைக்காரர் கத்தோலிக்கர், பொன்மலைப் பட்டறையில் பத்து விரலும் கறுக்க வேலை செய்துவிட்டு, பரீட்சை எழுதி ஆபீஸுக்கு வந்தவர். என்னை "ஐயரே" என்பார். நான் ஐயங்கார் என்று திருத்தினால், "சரிங்க ஐயரே" என்பார்.

"இங்க பாருங்க ஐயரே. பட்டறையில கையெல்லாம் கிரீஸ். தண்ணிய ஊத்தினா போவுமா? சோப்புதான் தேயும். மண்ணெண்ணெய ஊத்துங்க, ஒரே தொடை, பளிச்சுனு ஆயிரும். எண்ணெய்ப் பிசுக்கு எண்ணெய்க்குத்தான் பணியும்."

"அதுக்காக மூஞ்சில மண்ணெண்ணெயா?"

"யாருங்க சொன்னா? வேப்பெண்ணெய். எங்க அண்ணனுக்கு முகம் பூரா பலாப்பழம் மாதிரி இருந்துச்சு. வேப்பெண்ணெய்தான். இப்ப அவன் கோயில்ல பாட்டுக் குழுவுல முன்னாடி வரிசையில நிக்கறான்."

தர்க்கம் எனக்குப் பிடித்திருந்தது. முன்வரிசை அதைவிடப் பிடித்திருந்தது. வேப்பெண்ணெய் பூசினேன். அந்த வாசனை தெரியாதவர்கள் பாக்கியவான்கள். தெருவில் நான் வருவது வருவதற்கு முன்னால் தெரிந்தது. சத்திரம் பேருந்து நிலையத்தில் எனக்கு உட்கார இடம் கிடைக்காமல் போனதே இல்லை, பக்கத்திலும் ஒரு இடம் காலியாக இருக்கும்.

மோவாயில் எந்த எண்ணெயும் படாமல் பார்த்துக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். விரலை அங்கே கொண்டுபோனதே இல்லை. ஆனால் நெற்றியில் பூசிய எண்ணெய் நெற்றியிலேயே இருக்கும் என்று யார் சொன்னது? பள்ளிக்கூடத்தில் புவியீர்ப்பு விசைக்கு நல்ல மார்க் வாங்கியவன் நான். முகத்தில் எங்கே எதைப் பூசினாலும் அது கடைசியில் வந்து தேங்குகிற இடம் மோவாய் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பெண் பார்க்கப் போகிற அன்று காலை கண்ணாடி பார்த்தேன். நெற்றி அப்படியே இருந்தது. கன்னங்கள் முன்பைவிடச் செழித்திருந்தன. மூக்கின் நுனியில் புதிதாக ஒருவர் வந்திருந்தார். மோவாயில் இடதுபக்கம் மட்டும், குழந்தையின் உள்ளங்கால் மாதிரி, சுத்தமாக, வழவழவென்று இருந்தது.

"அம்மா!"

அம்மா ஓடி வந்து பார்த்தாள். "ஐயோ, போயிடுத்தே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். பிள்ளைக்குப் பரு ஆறிவிட்டதென்று கலங்கிய தாய் தமிழ்நாட்டில் வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை.

அக்கா குழந்தையோடு வந்திருந்தாள். அத்திம்பேர் போய்க் குழந்தையின் மை டப்பியை எடுத்துவந்தார். போட்டோவைச் சுவரில் சாய்த்து வைத்தார். என் மோவாயைப் பிடித்துத் திருப்பி, கரும்பலகையில் கண்டம் வரைகிற கவனத்தோடு ஒரு புள்ளி வைத்தார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்.

"கச்சிதம். இனிமே நீ சிரிக்காதே. சிரிச்சா நீளும்."

அப்பா ஈஸிசேரில் இருந்தபடி, "உள்ளதைச் சொல்லிடலாமேன்னேன்" என்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அம்மா மட்டும், "வேப்பெண்ணெயால மூஞ்சி வறண்டு கிடக்கு, களையே இல்லை" என்று சொல்லி, மச்சத்தைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் நல்லெண்ணெய் தடவிவிட்டாள்.

அப்பா, அத்திம்பேர், நான், மூன்று பேரும் கிளம்பினோம். கொள்ளிடம் பாலம் தாண்டி டோல்கேட்டில் லால்குடி பஸ் ஏறினோம். எனக்கு ஜன்னல் சீட்டு. மாப்பிள்ளைப் பையனுக்கு வேர்க்கக் கூடாது என்று அத்திம்பேர்தான் பார்த்து உட்கார வைத்தார்.

தை மாதம் லால்குடி ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் அறுவடை. அறுத்த கதிரை அப்படியே தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். வருகிற போகிற பஸ்ஸும் லாரியும் மேலே ஏறிப் போனால் செலவில்லாமல் போரடித்த மாதிரி ஆகிவிடும். எங்கள் பஸ்ஸும் போரடித்தது. சக்கரத்தடியிலிருந்து வைக்கோல் தூசும் பதரும் நெல்லின் சுணையும் எழும்பி ஜன்னல் வழியாக வந்தன. மற்றவர்கள் முகத்தில் பட்டுக் கீழே விழுந்தன. என் முகத்தில் பட்டவை அங்கேயே தங்கின.

சுணை என்ன செய்யும் என்று நெல்வயல் பக்கம் போனவர்களைக் கேட்க வேண்டும். அரித்தது. சாதாரண அரிப்பு இல்லை, பத்து விரலும் போதாது என்று தோன்றுகிற அரிப்பு. கையைத் தூக்கினேன்.

"மச்சத்தைத் தொடாதே!" என்று அத்திம்பேர் அலறினார். வகுப்பறைக் குரல். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "ஏன் தம்பி, மச்சத்துல நோவா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். "பின்ன ஏன் அது நகருது?" என்றார்.

கைக்குட்டையை எடுத்தேன். அதற்குமேல் என்னை நானே அடக்க முடியவில்லை.

லால்குடி வீட்டு வாசலில் பெண்ணின் அப்பா எங்களைக் கைகூப்பி வரவேற்றார். அப்பாவை உட்காரச் சொன்னார். அத்திம்பேரை முகம் மலரப் பார்த்து, "வாங்கோ மாப்பிள்ளை, நீங்க இப்படி ஃபேன் கீழ வாங்கோ" என்றார். அத்திம்பேருக்கு வழவழவென்ற முகம். என்னைப் பார்த்து, "தம்பி நீங்களும் உட்காருங்கோ" என்றார்.

"பையன் இவன்தான்" என்றார் அப்பா.

பெண்ணின் அப்பா மேஜைமேல் போட்டோவில் இருந்த பீங்கான் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரோட்டுத் தூசு பெரிய தூசுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சொஜ்ஜியும் பஜ்ஜியும் எடுத்துக்கொண்டு பெண் வந்தாள். தட்டை என் முன்னால் நீட்டினாள். பஜ்ஜியும் நானும் ஒரே மாதிரி மின்னிக்கொண்டிருந்திருப்போம். நிமிர்ந்து பார்த்தவள் என் மோவாயில் கண்ணை நிறுத்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். போட்டோவில் இருந்த அதே சிரிப்பு. கதவுக்குப் பின்னாலிருந்து அவளுடைய அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார். அவர் எதைத் தேடி வருகிறார் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, இரும்மா" என்றாள் பெண். "அவருக்கு முகமெல்லாம் சுணை. அலம்பிக்காட்டா தடிச்சுப் போயிடும். கிணத்தடியைக் காமிச்சுட்டு வரேன்."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் இப்படிச் சொல்வது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. அவளுடைய அப்பா என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் நாங்கள் கிணற்றடியில் இருந்தோம். என் கையில் பயத்தமாவைக் கொட்டினாள்.

"உங்க மச்சம் ஒழுகறது" என்றாள்.

"எங்கவரைக்கும்?"

"கழுத்துவரைக்கும். எண்ணெய் முகத்துல மை நிக்குமா? எனக்கும் எண்ணெய் முகம்தான். காலேஜ் போய்ச் சேரறதுக்குள்ள குங்குமம் மூக்குக்கு இறங்கிடும்." வாளியில் தண்ணீர் இழுத்தாள். "வேப்பெண்ணெயா?"

"தெரியறதா?"

"வாசல்லயே தெரிஞ்சுது. சேர்ந்தாப்புல வேற என்னெல்லாம்?"

சொன்னேன். மூன்று எண்ணெய்களையும், பென்சிலையும், பிரஷையும், போட்டோவில் என்னுடையது காது இரண்டு மட்டும்தான் என்பதையும். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த முறை அடக்கவில்லை.

"உங்க அம்மாவுக்கு அந்த மச்சம்தான் பிடிச்சுதாம்" என்றேன்.

"அம்மாவுக்கு."

"உங்களுக்கு?"

"எனக்கு அந்த போட்டோவைப் பார்த்தா கடையில புடவை கட்டிவிட்டு நிக்கவைப்பாளே, அந்தப் பொம்மை மாதிரி இருந்தது. அது எதுக்காவது சிரிக்குமான்னே தெரியலை. வேண்டாம்னு சொல்லத்தான் இருந்தேன்."

அவள் என் கையில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். பயத்தமாவு கரைந்து விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. "இப்போ?"

"இப்போ முதல்ல அலம்பிக்கோங்கோ. கையில ஊத்தற தண்ணியெல்லாம் வீணாறது."

அலம்பினேன். எண்ணெய், சுணை, தூசு, மை எல்லாம் வாழைப் பாத்தியில் போயிற்று. உள்ளே வந்தபோது என் முகத்தில் எனக்குச் சொந்தமானவை மட்டும் இருந்தன, அவையும் சிவந்து போய். அவளுடைய அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராக என் முன்னால் வந்து குனிந்தார்.

"மச்சம் எங்கே?"

அத்திம்பேர் கூரையைப் பார்த்தார். அப்பாதான், அத்தனை நாள் சொல்லக் காத்திருந்ததைச் சொன்னார். "மாமி, அது மச்சமில்லை, மை. போட்டோல இருந்தது பரு. அதுவும் இன்னிக்குக் காலம்பற போயிடுத்து. நான் அப்பவே சொல்லிடலாம்னேன்."

அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போட்டோவைக் கையில் எடுத்தார். அவர் பார்த்தது என்னை அல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது, எழுந்து பேசாமல் டோல்கேட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது.

"போனது போயிடுத்தும்மா" என்றாள் பெண், அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு. "மீதியெல்லாம் இருக்கே. எனக்கு அது போறும்."

அவளுடைய அம்மா திரும்பிப் பெண்ணைப் பார்த்தார். பிறகு என் மீதியைப் பார்த்தார். மீதி நிறையவே இருந்தது. "பஜ்ஜி ஆறிப்போறது, சாப்பிடுங்கோ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு நாளைக்கு எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்" என்று என் தட்டிலிருந்து இரண்டு பஜ்ஜியை எடுத்து அத்திம்பேர் தட்டில் போட்டார். சம்மதம் என்று புரிந்துகொண்டோம்.

மாமியாருக்கு அந்த போட்டோ கடைசிவரை பிரியமானதாகவே இருந்தது. தன் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். நான் எப்போது போனாலும் என் மோவாயை ஒரு தடவை பார்த்துக்கொள்வார், ஒருவேளை வந்திருக்குமோ என்று. எண்ணெய் விஷயத்தில் என் மனைவியின் கொள்கை எளிமையானது. வேப்பெண்ணெய் வேண்டுமானால் நல்லெண்ணெயில் ஒரே ஒரு சொட்டு கலந்து, பருவின் மேல் மட்டும், கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பயத்தமாவால் அலம்ப வேண்டும், விளக்கெண்ணெய் வண்டிச் சக்கரத்துக்கு. அதனால் குறைந்ததா, வயதானதால் குறைந்ததா தெரியாது, எண்பதுகள் பாதி போவதற்குள் என் நெற்றியில் மலைகள் தேய்ந்து சமவெளியாகின. இப்போது முகம் வறண்டு கிடக்கிறது. அப்பளம் வேண்டுமானால் சுடலாம்.

கல்யாண போட்டோ எடுக்கவும் அதே ஸ்டூடியோக்காரர்தான் வந்தார். "சார் முகத்துல கொஞ்சம் டச்சப்..." என்று ஆரம்பித்தவரை என் மனைவி மாலையும் கழுத்துமாகத் தடுத்துவிட்டாள். "அவர் முகத்துல பென்சிலே படக் கூடாது."

வாக்குத் தவறாதவர். என் முகத்தைத் தொடவில்லை. ஆனால் பென்சிலை எடுத்த கை சும்மா இருக்குமா? பக்கத்தில் நின்றிருந்த அத்திம்பேரைத் திருத்திவிட்டார். இருக்கிற வழவழப்பு போதாதென்று இன்னும் வழவழப்பாக்கி, மீசையை ஒழுங்கு செய்து, மோவாயில் அழகாக ஒரு மச்சமும் வைத்திருந்தார். இன்றும் ஆல்பத்தை முதல் தடவை புரட்டுகிறவர்கள் என் மனைவியிடம், "மாப்பிள்ளை என்ன லட்சணம்!" என்று விரலை வைப்பது அத்திம்பேர் மேல்தான். மாலை போட்டுக்கொண்டு நிற்பவனைப் பார்த்து, "இது யாரு, உங்க தம்பியா?" என்று கேட்கிறார்கள்.